முகட்டுக்குக் கீழே ஒரு கட்டில்

"கட்டில் உன் பக்கம் கிடக்குது. அப்ப அக்கா உன் பொறுப்புதான்!"

"மெஷின் உன் பக்கம்தானே நிக்குது? கட்டில்ல தூங்க மட்டும்தான் செய்யறா. நாள் பூரா உக்காந்திருக்கறது மெஷின்லதான்!"

கீழே தம்பிகள் போட்ட கூச்சல் தெருமுனைக் கடைவரை கேட்டது. மாடியில் இருந்தவளுக்குக் கேட்காதா? இருபுறமும் சரிந்த அந்த ஓட்டுக்கூரையின் முகட்டுக்கு நேர் கீழே, பரண் மாதிரி ஓர் அறை. கல்யாணம் கூடிவராத தையல்கார அக்காவுக்கு முப்பது வருஷமாக அதுதான் வீடு. நிமிர்ந்து நிற்க நடுவில் இரண்டடி இடம். மற்றபடி எங்கே திரும்பினாலும் தலையைக் குனிய வேண்டும். தம்பிகள் படித்தது அவள் தைத்த காசில் என்பது தெருவுக்கே தெரியும், அவர்கள் இருவரைத் தவிர.

வீட்டை முகட்டோடு கோடு போட்டு, கிழக்குச் சரிவு பெரியவனுக்கு, மேற்குச் சரிவு சின்னவனுக்கு என்று பிரித்தார்கள். கோட்டின் மேலேயே ஓர் ஆள் குடியிருப்பது அந்தப் புத்திசாலிகளுக்கு இப்போதுதான் உறைத்தது. யார் பக்கம் விழுவோம் என்று ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தாள் அக்கா. அது தன்னை இழுக்கிற சத்தமல்ல, தள்ளுகிற சத்தம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சின்னவனுக்குத் தன் பாதியை இடித்துத் தளம் போட அவசரம். அவன் கூட்டி வந்த ஆசாரி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, ரெண்டு சரிவும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுதான் நிக்குது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு நிக்காது."

"பிரிக்கத்தான் கூப்பிட்டேன். பிரிங்க ஆசாரி."

அக்கா இறங்கி வந்தாள். "டேய், நான் ஒரு எடம் பாக்கற வரைக்குமாவது விட்டு வைங்கடா."

"நீ எங்கக்கா போவ? பேசிக்கலாம்," என்றான் பெரியவன், முகத்தைப் பார்க்காமல். அந்த வீட்டில் 'பேசிக்கலாம்' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

மேற்குச் சரிவு போனது. அக்கா கட்டிலை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் மழையில் முகடு நழுவி, கிழக்குச் சரிவும் அப்படியே உட்கார்ந்தது. நல்லவேளை, அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். கட்டிலும் மெஷினும் ஒரே ஓட்டுக் குவியலுக்கு அடியில் கிடந்தன. இப்போது எது யார் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெறும் மனையாக விற்றார்கள். பெரியவன் மாமனார் ஊருக்குப் போனான். சின்னவன் ஆறாம் மாடியில் ஃப்ளாட் வாங்கி, மகளுக்குக் கல்யாணமும் முடித்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறைக்குப் போனாள் அக்கா. உயரமான சுவர், தட்டையான தளம். இன்னமும் கட்டிலைவிட்டு எழும்போது தலையைக் குனிந்தபடிதான் எழுகிறாளாம்.