பென்சில் ஓட்டைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாகப் போலீஸ்காரர்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுத்தேன் என்பதைவிட, கத்தினேன் என்பதே சரி. ஆவூர் மைக்கேல்சாமி என்றால் எங்கள் பிரிவில் தெரியாதவர் கிடையாது. நான் மைதானத்தில் கத்தினால் மெயின் ரோட்டில் போகிற பஸ்காரன் பிரேக் போடுவான் என்று கேலி பேசுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்துத் தோட்டா. குப்புறப் படுத்துக்கொண்டு, தூரத்தில் நிறுத்தியிருக்கும் இலக்குத் தாளில் சுட வேண்டும். குறைந்தது ஐந்து பட்டால்தான் தேர்ச்சி. படவில்லையா, அந்த ஆளுக்கு மறுபயிற்சி, எனக்கு மெமோ. இவனுக்கு ஏன் சுட வரவில்லை, நீ என்ன கிழித்தாய் என்று மேலேயிருந்து கேட்பார்கள். அதனால் தாளைப் பார்க்கப் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு மரப்பென்சில் இருக்கும். குறைகிற ஓட்டையை அதால் குத்திவிடுவேன். குண்டு போன ஓட்டைக்கும் பென்சில் ஓட்டைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் குத்தினார். இதற்காக நான் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள், போகட்டும் என்று நினைப்பேன். நான் நல்லவனாம்! இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

செல்வராணி அன்னவாசல்காரி. புருஷன் துபாயில் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாக என்னிடம் சுடுகிறாள். குண்டு மண்மேட்டில் பாயும், மரத்தில் பாயும், தாளில் மட்டும் படாது. போன வருடம் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, "எடது கண்ண மூடு! மூடுன்னா மூடு!" என்று கத்தினேன்.

"அய்யா, எடது கண்ண மூடுனா துப்பாக்கி முனையில இருக்க குறிமுள்ளே மங்கலாத் தெரியுதுங்கய்யா."

"ஒம் மாமியாரப் பாக்குற கண்ணத் தொறந்து பாரு, பளிச்சுன்னு தெரியும்!"

அறுபது பேர் சிரித்தார்கள். அவள் முகம் செத்துப்போய்விட்டது. அதோடு விட்டேனா? துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன். அவள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் ஆறு ஓட்டை குத்தினேன். திரும்பி வந்தவளிடம், "ஆறு பட்டிருக்கு. நான் கத்தலேன்னா இதுவும் பட்டிருக்காது" என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள். அந்த நன்றியையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் பயிற்சி கொடுப்பவர்களுக்கே ஒரு வாரம் பயிற்சி என்று என்னை அனுப்பினார்கள். பாடம் எடுத்தது சரண்யா என்கிற எஸ்.ஐ. என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கே பாடமா என்று கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னது. பிறகு ஒரு கண்ணை மூடு, அடுத்த கண்ணை மூடு என்றது. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் அதே இடத்தில் நிற்கிறதோ, அதுதான் குறி பிடிக்கிற கண்ணாம்.

"சோத்துக்கைப் பழக்கம் இருக்கறவங்கள்லயும் சில பேருக்கு எடது கண்ணுதான் குறி புடிக்கும். அந்தக் கண்ணப் போய் மூடச் சொன்னா அவங்க எதப் பாத்துச் சுடுவாங்க? கத்தறதுக்கு முன்னாடி கண்ணப் பாருங்க" என்றது.

அட கூறுகெட்டவனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் வாய்விட்டுச் சொன்னாளே! மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாளே!

ஊருக்கு வந்ததும் செல்வராணியைக் கூப்பிட்டு அந்தச் சோதனையைச் செய்தேன். இடது கண்ணேதான். "எடது தோள்ல வச்சுச் சுடும்மா" என்றேன். "இம்புட்டுத்தானாங்கய்யா?" என்று கேட்டாள். இவ்வளவுதான். இதற்கு மூன்று வருடம். இரண்டு வாரம் தோட்டா போடாமலே பழக்கினேன். இடது தோளில் வைத்துச் சுட்டால் காலித் தோட்டாக் கூடு முகத்துக்குக் குறுக்கே பறக்கும், பயப்படாதே என்று சொன்னேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

சுடும் நாளன்று பென்சிலை நான் எடுத்து வரவேயில்லை. மாதா மேல் சத்தியமாக எடுத்து வரவில்லை. செல்வராணி பத்தும் சுட்டு முடித்தாள். தாளைப் பார்க்க ஓடினேன். எண்ணினேன். திரும்ப எண்ணினேன். "எட்டு! எட்டுடா!" என்று அங்கிருந்தே கத்திவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வருடா வருடம் இலக்குத் தாளை மாட்டவும் கழற்றவும் என்னோடு வரும் போலீஸ்காரன் மதுரைவீரன் பக்கத்தில்தான் இருந்தான். தாளைச் சுருட்டிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டி, "அய்யா இந்த வாட்டி பென்சில ரொம்பத் தாராளமா விட்டுட்டாரப்பா" என்றான்.

விஷயம் தெரிந்த பாதிப் பேர் சிரித்தார்கள். செல்வராணிக்குப் புரியவில்லை. "என்ன பென்சிலு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. "படாத ஓட்டைய அய்யா பென்சில்ல குத்திருவாரு" என்று முனகிவிட்டு மதுரைவீரன் தரையைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, இந்த எட்டுல ஒங்க ஓட்டை எத்தனைங்கய்யா?"

"ஒண்ணுகூட இல்லம்மா. அம்புட்டும் நீ சுட்டது. சத்தியமா."

"போன வருஷமும் ஆறு பட்டுச்சுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, சுடவே வராத ஒருத்தி என்னிடம் படித்து உண்மையாகவே சுட்டிருக்கிறாள், அதை அவளே நம்பவில்லை. அவளை நம்பவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மேற்பார்வைக்கு வந்து மர நிழலில் நின்ற இன்ஸ்பெக்டர் ரகுநாத்திடம் போய் சல்யூட் அடித்தேன்.

"அய்யா, இந்தப் பொண்ணுக்கு இன்னொரு பத்துத் தோட்டா வேணுங்கய்யா. தாளப் பாக்க நான் போகல, நீங்க போகணும்."

"எட்டுப் பட்டிருக்கே, எதுக்கு?"

"இத்தனை வருஷமாப் படாத குண்டுக்கெல்லாம் நாந்தான் ஓட்டை போட்டேங்கய்யா. பென்சில்ல குத்துனேன். அதான் இது நெசம்னு யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

அறுபது பேருக்கும் கேட்டது. சிலர் என்னைக் கொன்றுவிடுவது போல் பார்த்தார்கள். அவர்களுடைய தேர்ச்சியும் இதோடு போயிற்று அல்லவா! "நீங்க எழுதிக் குடுக்கணும் மைக்கேல்சாமி. பேரு பேரா எழுதிக் குடுக்கணும்" என்றார் ரகுநாத். பிறகு தோட்டா கொடுக்கச் சொன்னார்.

செல்வராணி மறுபடியும் படுத்தாள். நான் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றேன். பத்துச் சத்தம் கேட்டது. ரகுநாத் தாமே நடந்து போய்த் தாளை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். ஏழு. ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தாளை மடித்து வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"போன வருஷம் ஆறுன்னீங்களே, அதுல நெசமாப் பட்டது எத்தனைங்கய்யா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லம்மா."

மடித்த தாளை என் முன்னால் நீட்டினாள்.

"அந்த ஆறப் பாத்துட்டுத்தான் என்னய விராலிமலைக்கு அங்கிட்டு ஒரு சாட்சி வீட்டுக்குக் காவலுக்குப் போட்டாங்க. மூணு மாசம். கொலைய நேர்ல பாத்த பொம்பளைங்கய்யா. ரெண்டு சின்னப் புள்ளைங்க வேற. குடும்பத்தோட வெட்டுவோம்னு தெனமும் போன் வரும். அக்கா துப்பாக்கியோட வாசல்ல ஒக்காந்திருக்குன்னு அதுங்க நிம்மதியாத் தூங்குச்சுங்க. எவனாவது வந்தா சுட்ருவேன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எனக்குச் சுட வராதுன்னு ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

இடுப்பு பெல்ட்டோடு சேர்த்து என்னை யாரோ மண்ணில் புதைத்தது போலிருந்தது. கை கூப்பினேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்ணைப் பார்த்து, எல்லார் முன்னாலும் கூப்பினேன்.

"மன்னிச்சிரும்மா."

"எம்மேல கத்துனதுக்கு எப்பவோ மன்னிச்சிட்டேங்கய்யா. இதுக்கு எங்கிட்டக் கேட்டா எப்படி? அந்தச் சாட்சிக்காரம்மாகிட்டயும் புள்ளைங்ககிட்டயும்ல கேக்கணும். நாளைக்கு எனக்கு லீவுதான். வீடு தெரியும், நானே கூட்டிட்டுப் போறேன். வாரீங்களா?"