மெஷின் ரூமில் நிற்கிற ஆள்

இருபத்திரண்டு வருஷம் குறுக்கு விசாரணையில் சாட்சிகளைத் திணறடித்த வக்கீலம்மாவுக்கு, வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறு இல்லை. மத்தியஸ்தர் பயிற்சியில் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தனி அறையில் ஒருவர் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் மூச்சுவிடக் கூடாது.

கோர்ட்டுக்குப் பின்னால், பழைய வழக்குக் கட்டுகளைப் போட்டுவைத்திருந்த அறையில்தான் சமரச மையத்தை ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் ஈ ஓட்டினார்கள். இப்போது மூன்று அறை, வெளியே பெஞ்சில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. அதைத் தீர்க்கவே தனியாக ஒரு மத்தியஸ்தரைப் போடலாம்.

அன்றைக்கு வந்தவர்கள் லிப்ட் மெக்கானிக் அண்ணனும் தம்பியும். சேர்ந்து நடத்திய கம்பெனியின் பெயர் யாருக்கு என்று ஆறு வருஷ வழக்கு. கூடப் பிறந்தவனை ‘எதிர்த்தரப்பு’ என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். ஆறு வருஷத்தில் கோர்ட்டு கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வார்த்தை! இன்றைக்கும் தீரவில்லை என்றால் கட்டு மறுபடியும் கோர்ட்டுக்கே போய்விடும். அப்புறம் எத்தனை வருஷம் இழுக்குமோ.

முதல் அறையில் அண்ணன் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினார். கடைசியில் குரல் இறங்கியது.

“பேரு கிடக்கட்டும் மேடம். அவன் இல்லாம லிப்ட் குழிக்குள்ள இறங்கவே எனக்குப் பயமா இருக்கு.”

“இதை அவர்கிட்ட சொல்லலாமா?”

“வேண்டாம். மானம் போயிடும்.”

அடுத்த அறையில் தம்பியும் அதே ஒரு மணி நேரம் பொரிந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “மேல மெஷின் ரூம்ல அண்ணன் நிக்காம எனக்குக் கை ஓடல மேடம்” என்றார். சொல்லலாமா என்று கேட்டதற்கு, “செத்தாலும் கூடாது” என்றார்.

வக்கீலம்மா நடைவழியில் நின்றார். ஒரே வாக்கியம் போதும், வழக்கு முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை மீறினால், பெஞ்சில் காத்திருக்கிற சனம் நாளைக்கு யாரை நம்பி மனசைத் திறக்கும்? அவருக்கு எரிச்சல் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டு பேரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டார். வழக்குக் கட்டில் இருநூறு பக்கம் இருந்தது. அவர்கள் செய்கிற வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கேட்டால் யார் ரகசியமும் உடையாது.

“எனக்கு ஒண்ணு புரியல. லிப்ட் எப்படி ரிப்பேர் பண்ணுவீங்க?”

“முதல்ல கயிறு தேஞ்சிருக்கான்னு பாக்கணும்” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“முதல்ல பிரேக்” என்றார் தம்பி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. “அப்புறம்தான் கயிறு.”

“சரி, பிரேக். அதுக்கப்புறம் ஒருத்தர் கீழ குழியில இறங்கணும்.”

“இன்னொருத்தர் மேல மெஷின் ரூம்ல சுவிட்சை அணைச்சிட்டு, அங்கேயே நிக்கணும் மேடம். யாராவது தெரியாம போட்டுட்டா லிப்ட் இறங்கிடும், கீழ இருக்கிறவன் அவ்வளவுதான்.”

பேச்சு அதோடு நின்றது. அடுத்த கேள்வி வக்கீலம்மாவின் நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்ப உனக்கு மேல யார்டா நிக்கிறா?” என்று அண்ணன்தான் கேட்டார்.

தம்பி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். “ஆள் வச்சிருக்கேன். நம்பிக்கை வரல. சுவிட்சை அணைச்சு, ரூமைப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையிலயே போட்டுக்கிட்டு இறங்கிடறேன்.”

அண்ணன் மேஜையைத் துடைப்பதுபோலக் கையை இழுத்தார். “நானும் அப்படித்தான் இறங்கறேன்.”

கம்பெனிப் பெயரை அதற்குமேல் யாரும் எடுக்கவே இல்லை. வக்கீலம்மா பேனாவைத் திறந்தார், எழுதவில்லை.

“நாளைக்கு எங்க வேலை?” என்று அண்ணன் தம்பியைக் கேட்டார்.

“ஏழு மாடிக் கட்டடம் ஒண்ணு. ஒன்பது மணிக்கு இறங்கணும்.”

“எட்டரைக்கெல்லாம் வந்துடறேன்” என்றார் அண்ணன். “நான் மேல போய் நிக்காம நீ இறங்கக் கூடாது, சொல்லிட்டேன்.”