தொட்டியில் விழுந்த வெற்றி

சிரியாச் சண்டை எல்லை தாண்டி லெபனானுக்குள் வராது என்று அபூ நிசார் தன் எல்லையோர ஊர்க் காப்பிக்கடையில் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். வரும் என்பார், எதிரணியை ஆதரிக்கும் பக்கத்து வீட்டு அபூ கைஸ்.

அன்று தன் கட்சி அங்கே ஓர் ஊரைப் பிடித்ததாக டிவி சொன்னதும், ஊர் வழக்கப்படி அபூ நிசார் முற்றத்தில் நின்று வானத்தைச் சுட்டுக் கொண்டாடினார். மேலே போன குண்டு இறங்கிவந்து அவர் வீட்டு மாடித் தண்ணீர்த்தொட்டியையே துளைத்தது.

அபூ கைஸ் ஓடிவந்தார். "யாரு சுட்டது?"

"உங்க ஆளுங்கதான். எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து."

"அப்போ சண்டை தாண்டிருச்சுன்னு ஒத்துக்கிறீங்க."

இப்படியொரு அறிவாளியாகப் பிறந்ததற்காக அபூ நிசார் தன்னையே நொந்துகொண்டார்.

தலை நிறையச் சோப்பு நுரையோடு வந்த மனைவி துப்பாக்கியைப் பிடுங்கினாள். "தாண்டவெல்லாம் இல்லை. இந்த வீட்டுலதான் ஆரம்பிக்கப்போகுது."