பழுதில்லாத மடிக்கணினி

ஒன்பது மணி கடந்து ஜசிந்தா மடிக்கணினியைத் திறந்தபோது வைஃபை அடையாளம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அழுத்தினாள், எழும்பவில்லை. விசைப்பலகையில் அதற்கென்றிருந்த பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். கணினியை நிற்பாட்டி மறுபடி போட்டாள். அதே சாம்பல்.

பத்து மணிக்குக் கொழும்பு அதிகாரிகளுடன் இணையக் கூட்டம். அவளுடைய ஊர்த் தீவின் தெற்குக் கரையில் மணல் அகழ ஒரு கொம்பனி அனுமதி கேட்டிருந்தது. கூடாதென்று சொல்ல, மீனவர் சங்கச் செயலாளரான அவள்தான் பேசவேண்டும். கொம்பனி சோதனைக்குத் துளையிட்டபின் உப்பேறிய கிணறுகளின் படங்கள், ஊராரின் கையெழுத்துத் தாள்கள் எல்லாம் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன.

முதலில் சங்கத் தலைவர் பஸ்ரியனுக்குப் போன் எடுத்தாள். ஒரு காலத்தில் பட்டினத்தில் கணினிக் கடை வைத்திருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கணவனின் படகு கவிழ்ந்தபோது, இரண்டு நாள் கடலில் நின்று உடலைத் தேடிக் கொண்டுவந்தவரும் அவரே. அன்றிலிருந்து எதற்கென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவாள். மணி அடித்து ஓய்ந்தது.

பிறகு, கணினி திருத்தும் முபீனுக்கு எடுத்தாள்.

"அக்கா, நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடேக்க எஃப் ரெண்டை விடாம அமத்துங்கோ. நீலமா ஒரு பக்கம் வருதோ?"

"ஓம், வருது."

"அதில வயர்லெஸ் எண்டு ஒரு வரி இருக்கும். என்ன போட்டிருக்கு?"

"டிசேபிள்ட் எண்டு கிடக்கு. மாத்தப்போனா பாஸ்வேர்ட் கேக்குது தம்பி. நான் அப்பிடி ஒண்டும் போடேல்லையே."

"அப்ப இது பழுதில்லை அக்கா. ஆரோ வேணுமெண்டு நிப்பாட்டிப் பூட்டியிருக்கினம். வேற ஆரும் பாவிச்சவையோ?"

நேற்றுப் பின்னேரம் பஸ்ரியன் வந்திருந்தார். படங்களை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று கணினியைக் கொண்டுபோனார். ஒரு மணித்தியாலத்தில் திருப்பித் தந்து, தேத்தண்ணியும் குடித்து, "நாளைக்குக் கூட்டத்தில வடிவாக் கதை தங்கச்சி" என்று சொல்லிப் போனார்.

"ஒருத்தரும் தொடேல்லைத் தம்பி" என்றாள் ஜசிந்தா. ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, விடுங்கோ. போனை சார்ஜ் வயரால கணினியில கொழுவி, போனில யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கோ. போனின்ர இணையம் வயரால வரும், அதுக்கு வைஃபை தேவையில்லை."

வயரைத் தேடியெடுத்துக் கொழுவி, அவள் கூட்டத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து பதினேழு. திரையில் பஸ்ரியன் பேசிக்கொண்டிருந்தார். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டுடன், கொம்பனி முகாமையாளருக்குப் பக்கத்துக் கதிரையில்.

"எங்கட சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை. செயலாளருக்குச் சுகமில்லை, அதுதான் வரேல்லை."

மேசைமேல் கோத்து வைத்திருந்த அவருடைய கைகளையே ஜசிந்தா பார்த்தாள். கணவனைக் கரையில் இறக்கிய கைகள். ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"எனக்குச் சுகம்தான். நான்தான் செயலாளர் ஜசிந்தா. தலைவர் சொன்னது சங்கத்தின்ர முடிவில்லை."

கிணற்றுப் படங்களைக் காட்டினாள். பிறகு கையெழுத்துத் தாள்களைத் திறந்தாள். முதல் கையெழுத்து பஸ்ரியனுடையது.

"இது உங்கட கையெழுத்தோ?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம்... அது முந்தி வச்சது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஊருக்கு நேரில் வந்து பார்க்கும்வரை அனுமதி இல்லை என்றார்.

மத்தியானம் பஸ்ரியன் படலையடியில் வந்து நின்றார்.

"கொம்பனியில மகனுக்கு வேலை தாறதெண்டாங்கள் தங்கச்சி. உன்னைக் கெடுக்கவேணுமெண்டு செய்யேல்லை."

"பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ."

சொன்னார். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"சங்கத் திறப்பையும் தாங்கோ."

அந்தச் சாவியையும் கொடுத்தார். "உள்ள வரச் சொல்லமாட்டியோ?"

இந்த மூன்று வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்டு உள்ளே வந்ததில்லை, தன் வீடுபோல வருவார். ஜசிந்தா படலையைச் சாத்தினாள். அவர் தெருவால் திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, சத்தம்போட்டு அழுதாள்.