வெள்ளிக்கிழமைத் தூள்

"பாட்டில ஒழுங்கா கழுவினியா, இல்ல சோப்பு நுரையோட வெச்சிட்டியா?" என்று ஆராய்ச்சி மாணவர் மோகன்ராஜ் அண்ணன் என்னைக் கேட்டார். அதுவும் பேராசிரியர் காஞ்சனா மேடத்தின் முன்னால்.

திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். வடமாலபேட்டையிலிருந்து தினமும் பஸ். மேடம் ஒரு வெள்ளைத் தூள் செய்கிறார். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. அணு உலைக் கழிவிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சுள்ள அயோடின் ஆவியை அந்த ஓட்டைகள் பிடித்து வைக்க வேண்டும். சோதனைக்குச் சாதாரண அயோடின். நிறையப் பிடித்தால் தூள் வறுத்த காப்பிக்கொட்டை நிறமாகும். ஒரு மாதமாகச் சில பாட்டில்களில் தூள் வெளிறிய டீ நிறத்திலேயே நின்றுவிட்டது.

"இவ கழுவறதுதான் காரணம் மேடம். வேற ஆளப் போடுங்க."

இந்த வேலை போனால் சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் கொட்டை அள்ளத்தான் போக வேண்டும்.

"இன்னா பத்மா, சொல்றதுக்கு எதனா இருக்கா?" என்றார் மேடம்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் எந்தக் கிழமை என்ன நிறம் என்று எழுதி வைத்திருந்தேன். சந்தேகமே இல்லை.

"டீ கலருதெல்லாம் வெள்ளிக்கிழமது மேடம். எல்லா நாளும் நான்தான் கழுவறேன்."

"வெள்ளிக்கிழமைல உனக்கு கை கோணிக்குதா?" அண்ணன் சிரித்தார்.

"அன்னிக்குத்தான் அண்ணா நீங்க பூஜைக்குன்னு தூள சாமி படத்தாண்ட பொழுதுக்கும் தொறந்து வெக்கிறீங்க. பக்கத்துலயே கற்பூர டப்பாவும் தொறந்து கெடக்குது. அயோடின் வர்றதுக்குள்ள கற்பூர வாசன ஓட்டைல பூந்துக்கினு எடத்த புடிச்சிக்குது."

"நல்லா கத வுடற!"

மேடம் சிரிக்கவில்லை. புதிதாகக் காயவைத்த தூளை இரண்டு பாட்டில்களில் போட்டார். இரண்டும் நான் கழுவியவை. ஒன்றை இறுக மூடினார். மற்றதைத் திறந்தபடி, கற்பூர டப்பாவோடு ஒரு பெட்டியில் வைத்தார். மறுநாள் இரண்டிலும் அயோடின் ஏற்றினார்கள்.

மூடி வைத்தது காப்பிக்கொட்டை. மற்றது டீ.

"இன்னா மோகன்ராஜ், ஆள மாத்தணுமா?" என்றார் மேடம்.

அண்ணன் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலை குனியாமல் நின்றேன். அவர் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.