பெட்டியை மூட வேண்டாம்

சவப்பெட்டி மூடியைத் தூக்கியவர்களை பெனடிக்ற் கைநீட்டித் தடுத்தார்.

"வையுங்கோ. பிள்ளை வரட்டும்."

நாலு மணிக்கு அடக்கப் பூசை என்று கீரிக் கிராமம் முழுக்கச் சொல்லியாயிற்று. இப்போது நாலரை. முந்தின நாள் பின்னேரம் மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி எடித் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள்தான். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எடித்தின் தங்கை அன்ரோனெற் அவரருகே குனிந்தாள்.

"அத்தான், செத்தது பெத்த தாய். நேற்றே வெளிக்கிட்டிருக்க வேணுமெல்லே? அப்பிடி என்ன வேலை அவளுக்கு?"

கொழும்பில் சிறுவர் ஆஸ்பத்திரியில் கண் வைத்தியர், மகள் சுவேதினி. செய்தி சொன்னபோது அவள் அழுத அழுகை பெனடிக்ற்றின் காதிலேயே நின்றது. அவளிடம் வைத்தியத்துக்கு வந்திருந்தது ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்தபோது ஒரு கிலோ நிறைகூட இல்லை. "காலமை லேசர் பிடிக்காட்டி ரெண்டு கண்ணும் போயிடும் அப்பா. இது செய்யிற மற்ற டொக்டர் வெளிநாட்டில. நான் என்ன செய்ய?"

பெனடிக்ற் கதிரையை விட்டு எழுந்தார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னார்.

"அவள் வரத்தான் நிண்டவள். நான்தான் செய்துபோட்டு வா எண்டனான். ஆரோ பெத்த பிள்ளையின்ர கண் அவளின்ர கையில கிடக்கு. கடலுக்குப் போற எனக்கு இப்பிடியொரு மகள். எடித்தும் இதைத்தான் சொல்லியிருப்பாள்."

பாதர் செபப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்குக் கொழும்பிலிருந்து வான் வந்து நின்றது. சுவேதினியின் முகம் வீங்கியிருந்தது. ஓடிவந்தவள் தகப்பனைக் கண்டதும் முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மாதிரி அந்தக் குழந்தை?" என்றார் பெனடிக்ற்.

"நல்லாச் செய்து முடிச்சம் அப்பா. கண் தப்பும்."

அன்ரோனெற் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் தலைமாட்டில் இடம் விட்டு நகர்ந்தாள்.

"கை கழுவிப்போட்டு வாறன் சின்னம்மா."

கிணற்றடியில் பெனடிக்ற் வாளியைத் தூக்கினார். சுவேதினி கைகளை நீட்டினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று ஒன்றையும் விடாமல், ஒப்பரேசனுக்குப் போகிறவள் போல அவசரப்படாமல் தேய்த்தாள். முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.