நகரம் முடியும் இடம்

இயக்குநர் கேக்கை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வடக்கே இருக்கும் துறைமுக நகரத்தை நாங்கள் மக்கள்தொகையில் முந்திவிட்டோம் என்று அன்று காலையில்தான் தகவல் வந்திருந்தது. உலகத்துப் பெருநகரங்களை வரிசைப்படுத்தி வருடா வருடம் பட்டியல் வெளியிடும் நிறுவனம் ஒன்று உண்டு. அதில் துறைமுக நகரம் எங்களுக்கு ஓர் இடம் மேலே உட்கார்ந்துகொண்டு பல வருடமாக இயக்குநரின் தூக்கத்தைக் கெடுத்துவந்தது. இப்போது நாங்கள் மேலே, அவர்கள் கீழே. இதற்காக எங்கள் ஊரில் யாரும் கூடுதலாகப் பிள்ளை பெற்றுவிடவில்லை. நகர்ந்தது கோடு மட்டும்தான். அந்தக் கோட்டை நகர்த்தியது நான்.

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. நகரம் எது வரைக்கும் என்று வெளியில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் கேட்டால் மூன்று பதில் வரும். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம் என்பது ஒன்று. கட்டடங்கள் விட்டுப்போகாமல் எது வரைக்கும் தொடர்ந்து போகிறதோ அது வரைக்கும் நகரம் என்பது இரண்டாவது. நடுவில் இருநூறு மீட்டருக்கு மேல் வெற்றிடம் வந்துவிட்டால் அங்கே நகரம் முடிந்தது. தினமும் இங்கே வேலைக்கு வந்து போகிறவர்கள் எங்கிருந்து வந்தாலும் அவர்கள் ஊரும் நகரம்தான் என்பது மூன்றாவது. பட்டியலுக்கு எதை அனுப்பலாம் என்று ஒரு கூட்டம் போட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள். துறைமுகக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள் என்றார் இயக்குநர். நான் மௌஸைப் பிடித்துக் கோட்டை இழுத்தேன். கல்லுடைக்கிற ஊர், செங்கல் சூளை ஊர், கோழிப்பண்ணை ஊர் எல்லாம் உள்ளே வந்தன. குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்பும் உள்ளே வந்தது. திரையில் என் வீட்டுக் கூரை கோட்டுக்குள் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

எங்கள் குடியிருப்பில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை படியும். குப்பைமேட்டில் பெய்கிற மழையெல்லாம் சாறாக இறங்கி அங்கேதான் வந்து சேர்கிறது. லாரித் தண்ணீர் வருகிற அன்று வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். லாரி வராத நாட்களில் கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். என் சின்னவளுக்கு ஆறு வயது. அந்த வருடம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்துக் கிடந்தாள். இரண்டாவது முறை டாக்டர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினார். "தண்ணிய மாத்துங்க. இல்லன்னா அடுத்த தடவை கூட்டிட்டு வந்து பிரயோஜனம் இல்ல" என்றார். ஏதோ நாங்கள் ஆசைப்பட்டு அந்தத் தண்ணீரைக் கொடுக்கிற மாதிரி.

கேக் சாப்பிட்ட வாய் காய்வதற்குள் குடிநீர் வாரியம் இன்னொரு வரைபடம் கேட்டது. புதிதாகப் போடும் குழாய் எது வரை போக வேண்டும் என்பதற்கான படம். எங்கள் பிரிவுத் தலைவர் அதைத் தானே வரைந்து முடித்து, பெயர்களை மட்டும் எழுதச் சொல்லி என்னிடம் அனுப்பினார். அவரை நாங்கள் ஸ்கேல் என்போம். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் கையில் ஓர் எவர்சில்வர் ஸ்கேலை வைத்துக்கொண்டு, அதைத் திரைமேல் வைத்து அளக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவுதான். படத்தைப் பார்த்ததும் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"சார், குப்பைமேட்டோட கோட்டை நிறுத்திட்டீங்க."

"அங்கதானம்மா நகரம் முடியுது. இந்தப் பக்கத்து கடைசி வீட்டுக்கும் உங்க முதல் வீட்டுக்கும் நடுவுல முன்னூறு மீட்டர் வெத்திடம்."

"போன வாரம் எங்களையும் சேர்த்துதானே கேக் வெட்டினோம்."

அவர் ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டார். "அது வேற, இது வேற. அது ஒப்பிடறதுக்கு. இது செலவு பண்றதுக்கு."

தலையை எண்ணும்போது நாங்கள் ஆள், தட்டு வைக்கும்போது நாங்கள் யாரோ. இவர்களுடைய பெருமைக்கு என் பிள்ளையின் தலை ஒன்று வேண்டும், அந்தத் தலைக்குக் கீழே இருக்கிற வயிறு மட்டும் வேண்டாம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்குப் பதில்கள் எப்போதும் பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் வரும்.

என் வீட்டுக்காரர் வெல்டிங் வேலை செய்கிறார். அவருடைய அக்கா எங்களோடுதான் இருக்கிறாள், தனிக்கட்டை. கட்டட வேலைக்குப் போகிறாள். சுவர் எழுப்புவது, பூசுவது எல்லாம் அவள் கை. கூலி மட்டும் சித்தாள் கூலி. தெருவில் அவளுக்குக் கொத்தனாரம்மா என்று பெயர். நகரத்தின் புதுக் கட்டடங்களில் பாதியில் அவள் செங்கல் இருக்கும். அன்று சாயங்காலம் நான் அலுவலகத்துக் கதையைச் சொல்லச் சொல்ல, அவள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கேட்கிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"நடுவுல ஒரு கட்டடம் இருந்தா?" என்றாள்.

"எங்க அண்ணி?"

"குப்பைமேட்டு நடுவுல. இந்தப் பக்கம் நூத்தம்பது, அந்தப் பக்கம் நூத்தம்பது. அப்ப நகரம் எங்க முடியும்?"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன், இரண்டு பக்கமும் இருநூறுக்குள் வந்தது. என் வீட்டுக்காரர்தான் சிரித்தார். "அக்கா, அங்க நாய்கூட படுக்காது."

"நான் படுக்கறேன்" என்று தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தோம். ஆளுக்கு நாலு உடைந்த செங்கல் என்று குடியிருப்பே தூக்கி வந்தது. இடித்த வீடொன்றிலிருந்து கதவு வந்தது. என் வீட்டுக்காரர் கூரைக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். நான் அலுவலகத்து நீள டேப்பைப் பையில் ஒளித்து எடுத்து வந்து, நடுப்புள்ளியில் குச்சி நட்டேன். தோண்டினால் மண் வரவில்லை, பாலிதீன் வந்தது. அஸ்திவாரத்துக்காக நாத்தனார் ஓர் ஆள் உயரம் இறங்கித் தோண்டி, அதற்குக் கீழே இருந்த தரையைக் கண்டுபிடித்தாள். எங்கோ ஒரு மூலையில் எப்போதும் புகைந்துகொண்டே இருக்கிற குப்பை, கண்ணைத் திறந்தால் எரிச்சல், வாயைத் திறந்தால் ஈ. ஒரே அறை, ஒரே ஜன்னல். ஆனால் பூச்சு அவ்வளவு வழவழப்பு. வாரியத்து ஆட்கள் வந்து பார்க்கும்போது இதைக் கொட்டகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். பாயையும் ஒரு குடத்தையும் எடுத்துக்கொண்டு அவள் அங்கே குடிபோனாள். வீடென்றால் ஆள் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. முதல் வாரமே இருமல் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகிற வழியில் நான் எட்டிப்பார்த்தால், வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். குப்பைமேட்டில் வாசல் பெருக்குகிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கூரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கடுகு. அதைச் சுற்றிக் கட்டடம் என்று வரைந்தேன், இரண்டு பக்கமும் தூரத்தை எழுதினேன், குழாய்க் கோட்டை எங்கள் குடியிருப்பு வரைக்கும் இழுத்தேன். மத்தியானம் திறந்து பார்த்தபோது கடுகைக் காணோம். கோடு பழைய இடத்துக்கே போயிருந்தது.

"அது கட்டடம் கட்டக் கூடாத நிலம்மா" என்றார் ஸ்கேல். "கூடாத இடத்துல இருக்கறது படத்துல இருக்காது."

"சாட்டிலைட்டுக்குத் தெரியுதே சார்."

"சாட்டிலைட்டுக்கு சட்டம் தெரியாது."

இயக்குநரிடமே போனேன். என் மகளைப் பற்றிச் சொன்னேன். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார், அதைக் குறை சொல்ல முடியாது. கடைசியில், "உணர்ச்சிவசப்படாதீங்க. நம்ம நகரம் இவ்வளவு பெருசா வளந்திருக்கு, அதுல உங்க பகுதியும் ஒரு பங்கு. உங்களுக்கும் பெருமைதானே?" என்றார். பெருமையைக் கொதிக்கவைத்தால் குடிக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். வழக்கம்போல அது பேருந்தில்தான் தோன்றியது. நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை, இருமிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

துறைமுகக்காரர்கள் சும்மா இருப்பார்களா. எங்கள் கோடு காட்டையும் மேட்டையும் வளைத்துப் போட்ட கோடு என்று பட்டியல் நிறுவனத்துக்குப் புகார் எழுதினார்கள். வெளிவட்டத்து ஊர்களில் உண்மையாகவே ஆள் இருக்கிறார்களா என்று வீடு வீடாக எண்ணி அனுப்பும்படி நிறுவனம் கேட்டது. இல்லையென்றால் பழைய இடத்துக்கே இறக்கிவிடுவார்கள். அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. எந்தெந்த ஊருக்கு யார் என்று பிரித்தபோது எங்கள் குடியிருப்புக்கு ஸ்கேலையும், வழி தெரிந்தவள் என்று என்னையும் போட்டார்கள். அன்றே அதை வீட்டிலும் நாத்தனாரிடமும் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே நான் அலுவலகம் போய், அங்கிருந்து ஸ்கேலோடு வந்தேன். நகரத்துப் பக்கத்துக் கடைசி வீட்டருகே காரை நிறுத்திவிட்டு நடந்தோம். ஸ்கேல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். படத்தில் அழித்த வீடாக இருந்தாலும் ஒரு தலையை எண்ணாமல் விட ஸ்கேலுக்கு மனம் வரவில்லை.

"இங்க எத்தனை பேரும்மா?"

"யாரும் இல்ல."

"நீங்க நிக்கறீங்களே."

"இது வீடே இல்லன்னு நீங்கதானே அழிச்சீங்க. வீடு இல்லாத இடத்துல ஆள் எப்படி இருக்கும்?" அவள் குரல் உயரவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடும் சத்தமும் இருமலும் கேட்டன.

ஸ்கேல் என்னைப் பார்த்தார். நான் எங்கள் தெருவைக் காட்டினேன். அங்கேயும் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. முதல் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் தட்டினார். "யாரும் இல்ல" என்றது ஓர் ஆண் குரல். அடுத்த வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இங்க யாரும் இல்ல சார்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே ஒருத்தி சொன்னாள். தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார். இப்படியே தெரு முழுக்க, கோடியில் இருந்த என் வீடு மட்டும்தான் பாக்கி.

"இது உங்க வேலையா?" என்று கேட்டார் ஸ்கேல்.

"எனக்குத் தெரியாது சார்." அது உண்மை. நாத்தனார் ஊரையே கூட்டிப் பேசியிருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை. என் வேலை போய்விடக் கூடாது என்று மறைத்திருக்கிறாள் என்பது புரிந்தது. புரிந்தும் வலித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னை அந்தப் பக்கத்து ஆளாக வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஸ்கேல் நிழலில் ஒதுங்கி நெற்றியைத் துடைத்தார். "வீட்டுக்காரங்க வாயால சொல்லாம எழுதக் கூடாதும்மா. ஒண்ணு பண்ணலாம். ஒரு வீடு சொன்னா போதும். அதை வச்சு மத்த வீட்டுக்கெல்லாம் சராசரி போட்டுக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க வீடு எது? இயக்குநர்கிட்ட நான் என்னன்னு போய் சொல்றது? உங்களுக்கும் வேலை வேணும்ல" என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

"யாரும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். பெரியவள் கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது.

"நான்தான்" என்றேன்.

தாழ் நீங்கி, கதவு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது. நான் உள்ளே போனதும் அவர் மறுபடி தாழ் போட்டார். என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. சின்னவள் பாயில் படுத்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி என்று பெரியவள் சொன்னாள். அடுப்பில் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கொதித்தாலும் போகாத அந்த ஆடை, ஓரத்தில் ஒதுங்கிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே ஸ்கேல் தட்டினார். "என்னம்மா, எத்தனை பேர்னு போட்டுக்கட்டும்?"

இந்த முறை பதில் பேருந்துக்காகக் காத்திருக்கவில்லை.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவருடைய கறுப்பு ஷூக்கள் இரண்டும் தெரிந்தன. குதிகாலில் குப்பைமேட்டுப் பாலிதீன் ஒன்று ஒட்டியிருந்தது. சின்னவள் பாயிலிருந்து புரண்டு, கன்னத்தைத் தரையில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நகரவில்லை.